நாலாம் நிலையில் இருந்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற கை, பேனாவைப் பிடித்தால் ஸ்பானரைப் பிடித்த மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். பிள்ளைகளுடைய கற்பனையைப் பள்ளிக்கூடத்தில் வளர்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார்களாம். கடைக்கு வந்து, "அப்பா, ஒங்க காலத்துல இதெல்லாம் உண்டுமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் அப்ப ஏது" என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கினேன். எனக்கு வாயால் சொல்ல வராது. பெற்ற மகளிடம்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வெட்கம். அவள் வேறு யாரையோ கேட்டு எழுதி, மார்க்கும் வாங்கிவிட்டாள். அதற்கு அப்புறம்தான் எனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம். தென்காசியில் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நிமிர்ந்து நிற்கிற கோபுரத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது நம்பும்படியாக இருக்காது. எங்கள் காலத்தில் பெரிய கோயில் கோபுரம் முழுசாக இல்லை. இடி விழுந்தது என்பார்கள், தீப்பிடித்தது என்பார்கள். எதுவாக இருந்தாலும் நாங்கள் பிறக்கிறதற்கு வெகு காலத்துக்கு முன்பே அது நடுவில் பிளந்து மொட்டையாகிவிட்டது. பிளவுக்குள் செடி முளைத்துக் கிடக்கும், கிளி பறக்கும். விளையாட்டில் நாங்கள் ஊமை ஜாடையாகக் கோபுரம் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு விரலை விரித்துக் காட்டுவோம். எங்களுக்கு அதுதான் கோபுரம். அது உடைந்த கோபுரம் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் சிவகிரியிலிருந்து புதிதாக ஒரு சார்வாள் எங்கள் வகுப்புக்கு வந்தார். ஒல்லியான ஆள். இரண்டு சட்டைதான் அவருக்கு. ஒன்று உடம்பில் இருந்தால் இன்னொன்று அவர் தங்கியிருந்த அறை வாசலில் காயும். வேலை நிரந்தரமாகவில்லை. வருஷ இன்ஸ்பெக்ஷனில் நல்ல பேர் வாங்கினால் நிலைக்கும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்களுக்கெல்லாம் இது தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தெரியாத ரகசியம் ஏது?

அதுவரை சித்திர வகுப்பு என்றால் பானை. நாங்கள் எச்செம் சார் என்று கூப்பிடும் தலைமையாசிரியர் வந்து கரும்பலகையில் ஒரு பானையைப் போட்டுவிட்டுப் போவார். நாங்கள் சிலேட்டில் அதைப் பார்த்து வரைவோம். ஒன்றாம் வகுப்பிலும் பானை, ஐந்தாம் வகுப்பிலும் பானை. புது சார்வாள் முதல் நாள் பானையை அழித்துவிட்டு, "ஒங்களுக்கு என்ன தோணுதோ அதை வரைங்கலே" என்றார். வகுப்பு முழுக்க முழித்தது. கடைசியில் ஒருத்தன் எழுந்து, "எந்தப் பானை சார் தோணணும்?" என்று கேட்டான். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேரும் பானைதான் வரைந்தோம்.

இரண்டு மூன்று வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் அரிசிக் கடைகளில் சொல்லிவைத்து வாங்கிய பழைய காலண்டர் தாள்களை ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்து, "பின்பக்கம் வெள்ளையா இருக்குல்லா, அதுல நம்ம கோபுரத்தை வரைஞ்சு திங்கக்கிழமை கொண்டு வாங்க. அங்கன போயி நின்னு பாத்து வரையக்கூடாது. மனசுல இருக்கதைத்தான் வரையணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருந்த அத்தை சாரலுக்குக் குற்றாலத்தில் குளிக்கலாம் என்று வீட்டுக்கு வந்திருந்தாள். நான் அடுப்புக்கரியை வைத்துக்கொண்டு இரண்டு கொம்பு மாதிரி வரைய ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏலே, இது என்ன கோபுரம்? எங்க ஊருக்கு வந்து பாரு. அடியில அகலமா ஆரம்பிச்சு மேல போகப் போகச் சிறுத்துக்கிட்டே போகும். நிலைக்கு நிலை பொம்மை நிக்கும். உச்சியில கலசம் வரிசையா இருக்கும்" என்றாள். எத்தனை நிலை என்று கேட்டேன். "ஒங்க ஊருக்கு ஒன்பது இருந்துச்சாம்லே" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. ஒன்பது நிலை ஒரு தாளில் அடங்கவில்லை. இன்னொரு தாளைப் பாதியாகக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் மேலே ஒட்டினேன். கட்டிவிட்டேன். ஆனால் பொம்மைக்கு என்ன செய்ய? சாமியைத் தப்பாக வரைந்தால் கண் போய்விடும் என்று எனக்குப் பயம். அதனால் தெரிந்த ஆட்களை நிறுத்தினேன். அடி நிலையில் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் அண்ணாச்சிமார் இரண்டு பேர். அதற்கு மேல் குதிரை வண்டி. அதற்கு மேல் சைக்கிளில் கைலி விற்கும் பாய். ஐந்தாம் நிலையில் குற்றாலத்துக் குரங்கு ஒன்று மெட்ராஸ்காரர் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஆட்டுரலோடு ஆறாம் நிலையில். செங்கல் பொடியும் மஞ்சளும் அவரை இலைச் சாறும்தான் வர்ணம்.

நாலாம் நிலையை விட்டுவிட்டேனே. அங்கே தலைமையாசிரியர் இருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சாய்வு நாற்காலியில் தூங்குவார். மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும், வாய் திறந்திருக்கும், நாற்காலிக் கையில் குடை மாட்டியிருக்கும். யாராவது பெரிய மனிதர் வந்தால் ஓடிப்போய் எழுப்புவதற்கு நாலாம் வகுப்பிலிருந்து தினம் ஒரு பையன் வாசலில் காவல் நிற்க வேண்டும். அது எங்களுக்கு முறை. என் முறை வரும்போதெல்லாம் ஒரு மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவரை எனக்கு நன்றாக வரைய வந்தது. அவ்வளவுதான். கேலி என்று அப்போது எண்ணவில்லை.

திங்கட்கிழமை சார்வாள் என் தாளை வாங்கி மேஜையில் விரித்தார். வெகு நேரம் பார்த்தார். வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். பிறகு எல்லாப் படங்களையும் மைதாப் பசையால் சுவரில் ஒட்டினார். என்னுடையதை நட்டநடுவில், நின்றால் கண்ணுக்கு நேராக ஒட்டினார். சுற்றிலும் முப்பத்தேழு பிளந்த கோபுரம்.

இன்ஸ்பெக்ஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்களுக்கு அது வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் தவறாமல் சாரல் விழும் மாதத்தில்தான் வரும். கல்வித் துறைக்கு எங்கள் மேல் அந்த மாதத்தில் தனி அக்கறை. டெப்டி இன்ஸ்பெக்டர் முதல் நாளே குற்றாலத்தில் வந்து தங்கி, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, மறுநாள் ஈரத்தலையோடு எங்கள் அறிவைச் சோதிக்க வருவார்.

அந்த வருஷம் அவர் வருகிறதற்கு முந்தின நாள், நான் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். உள்ளே அவர் அஞ்சாம் வகுப்பு சாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சிவகிரிக்காரன் பிள்ளையளைக் கெடுத்துப்போட்டான். ஒருத்தனுக்கும் பானை வரையத் தெரியல. நாளைக்கு ஆபீசர் புஸ்தகத்துல ஒரு வார்த்தை தப்பா விழட்டும், ஆளை பஸ் ஏத்தி விட்டுருவேன்."

"பெறகு அந்த வகுப்புக்கு யாரு அண்ணாச்சி?"

"எங்க மச்சினன் அச்சன்புதூர்ல டிரெயினிங் முடிச்சிட்டுச் சும்மாத்தான இருக்கான்."

செம்பை வைத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி பாயில் படுத்து யோசித்தேன். தலைமையாசிரியர் எங்கள் வகுப்புக்குள் எட்டிப் பார்க்கிறவர் இல்லை. அதனால் நாலாம் நிலையை அவர் இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கு ஆபீசரோடு வருவார், பார்ப்பார். ஒரு வார்த்தை விழுகிறதுக்கு என் படமே போதும். என்னால் சார்வாளுக்கு வேலை போகப்போகிறது. அவர் பாவம், அதில் யார் இருக்கிறார் என்றே தெரியாமல் ஒட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எச்சிலைத் தொட்டு நாலாம் நிலையை மட்டும் அழிக்கப் பார்த்தேன். கரி ஈசிப் பரவி, தலைமையாசிரியர் முன்னைவிடக் கறுப்பாக, பெரியவராக ஆனார். இனி மறைக்க வழியில்லை. தாளையே மெதுவாக உரித்து எடுத்து, எட்டாக மடித்து, டவுசரின் இடுப்பில் செருகிச் சட்டையை மேலே இழுத்துவிட்டேன். சார்வாள் வந்தார். சுவரைப் பார்த்தார். நடுவில் நாலு பசைத் தடம் மட்டும் இருந்தது. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். பெரிய மீசை, ஈரத்தலை. பின்னால் குடையோடு தலைமையாசிரியர். வெளியே ஊசி ஊசியாகச் சாரல்.

ஆபீசர் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாதியில் நின்று, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே. போர்டில் வரைந்து காட்டினீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றார் எங்கள் சார்வாள்.

"எல்லாம் காப்பி சார்" என்றார் தலைமையாசிரியர். தினமும் அந்தக் கோபுரத்தின் அடியில் நடந்துதான் அவர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்.

"கோபுரம் என்று எழுதியிருக்கிறது. மாட்டுக்கொம்பு மாதிரி அல்லவா இருக்கிறது?"

முன் வரிசையில் நெசவாளர் வீட்டுப் பையன் ஒருத்தன் உண்டு, வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்றான். "கோபுரம்னா பிளந்துதான சார் இருக்கும். பிளக்காட்டா அது என்ன கோபுரம்?"

வகுப்பே தலையை ஆட்டியது. சார்வாள் ஜன்னல் கதவை அகலத் திறந்தார். தென்னை மரங்களுக்கு மேலே அது நனைந்துகொண்டு நின்றது. ஆபீசர் போய்ப் பார்த்தார். "ஓகோ" என்றார். திரும்பி வந்து, "சரி, பார்த்ததை வரைந்திருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் உங்கள் பாடக்குறிப்பில் கற்பனைச் சித்திரம் என்று போட்டிருக்கிறீர்களே. இதில் கற்பனை எங்கே இருக்கிறது?" என்றார்.

சார்வாள் சுவரின் நடுவைக் காட்டினார். "இங்கன ஒரு படம் இருந்தது சார். ஒரு பையன் முழுக் கோபுரம் வரைஞ்சிருந்தான்."

"எங்கே?"

"நேத்து இருந்தது சார்."

"பறந்து போயிருக்கும்" என்றார் தலைமையாசிரியர். யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார். ஆபீசர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனாவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இருந்தால் வேலை போய்விடும் என்று எடுத்தேன். இப்போது படம் இல்லாமல் வேலை போகப்போகிறது. சட்டைக்குள் தாள் கரகரவென்று குத்தியது. ஆஜர் சொல்லக்கூட எழுந்து நிற்கத் தயங்குகிறவன் நான். எப்படி நின்றேன் என்று தெரியாது, நின்றுவிட்டேன். தாளை உருவினேன். அதோடு டவுசரும் அவிழ்ந்துகொண்டது. ஒரு கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாளை நீட்டினேன்.

ஆபீசர் அதை மேஜையில் விரித்து மடிப்பை நீவினார். "இது யார்?" என்று அடி நிலையைத் தொட்டார்.

"மில்லு அண்ணாச்சிமாரு சார். மூட்டை தூக்குவாக."

"சாமி ஒன்றுகூட இல்லையே, ஏன்?"

"சாமியைத் தப்பா வரைஞ்சா கண்ணு போயிரும்லா சார்."

"ஆளைத் தப்பாக வரைந்தால்?"

"அடிதான் சார் விழும்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. குதிரை வண்டியைச் சொன்னேன், பாயைச் சொன்னேன். விரல் நாலாம் நிலைக்கு ஏறியது.

"இது?"

நான் டவுசரை இறுக்கிப் பிடித்தேன். சார்வாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரி ஈசியிருந்தாலும் கண்ணாடி கண்ணாடிதான், கயிறு கயிறுதான். தலைமையாசிரியர் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். காது இரண்டும் சிவந்துகொண்டே வந்தது.

"யார் என்று கேட்கிறேனே?"

"அது... பள்ளிகொண்ட பெருமாள் சார்" என்றார் தலைமையாசிரியர்.

"சாய்வு நாற்காலியிலா?"

"பயலுக்குப் பாம்பு வரைய வராது சார்."

"கண்ணாடி போட்டிருக்கிறாரே?"

"வயசான பெருமாள்."

ஆபீசர் இன்னும் குனிந்து பார்த்தார். "குடை எதற்கு?"

"இங்கன இது சாரல் காலம்லா சார்."

ஆபீசர் நிமிர்ந்தார். தலைமையாசிரியரைப் பார்த்தார், அவர் கக்கத்தில் இருந்த குடையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மீசை மட்டும் ஒரு பக்கம் அசைந்தது. "தலைமையாசிரியருக்கும் கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். முழுப்பக்கம் எழுதினார். போகும்போது என் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மற்ற பள்ளிக்கூடங்களில் காட்ட வேண்டுமாம்.

அவர் எழுதியது நல்லபடியாகத்தான் இருந்தது. சார்வாளுக்கு அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாயிற்று. அச்சன்புதூர் மச்சினனுக்கு வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பெருமாள் என்று வாயால் சொல்லிவிட்டு எதற்காக அடிப்பார்? சாய்வு நாற்காலியை மட்டும் வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் சார்வாள் என்னை இருக்கச் சொன்னார். எல்லாரும் போன பிறகு, "ஏம்லே எடுத்தே?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, முந்தின நாள் மோர் கொண்டுபோனபோது கேட்டதையெல்லாம் சொன்னேன். "நாலாம் நிலையில எச்செம் சார் இருந்தாகல்லா. பாத்தா ஒங்களை அனுப்பிருவாகன்னுதான் எடுத்தேன். அது அவுகன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்லா சார்."

"கண்ணாடிக் கயித்துல இருந்த முடிச்சு வரைக்கும் வரைஞ்சிருக்கே. எனக்கு எப்படிலே தெரியாமப் போகும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "தெரியுமா? பெறகு ஏன் சார் ஒட்டுனீக?"

அவர் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். காலண்டர் தாள் இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்கிய புதுத் தாள். இரண்டு பக்கமும் வெள்ளை. "அதைத்தான் ஆபீசர் கொண்டுபோயிட்டாரே. இன்னொண்ணு வரை" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியது. "எச்செம் சாரை விட்டுரட்டுமா சார்?"

"அதை ஏன்லே என்கிட்ட கேக்கே? கோபுரம் ஒன்னது."

அவ்வளவுதான் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போய்விட்டார். தாள் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்கு நடந்தேன். அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். வரை என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு சட்டைக்காரர், வேலை போனால் வெறுங்கையோடு சிவகிரிக்குப் போக வேண்டியவர், எல்லாம் தெரிந்தே என் தாளைக் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறார் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய், "நேத்து எம்மேல கோவமா சார்?" என்று அவரிடமே கேட்டேன். "கோவம்னா காசு குடுத்துத் தாள் வாங்கித் தருவேனாலே?" என்று சொல்லி, சுவரின் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார்.

ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடையை அடைத்துவிட்டு எழுதியது.